கிளிப் போட்ட பிள்ளைக்கு மூலிகை மவுத்வாஷ் போதுமா?

1)
"சார், பொண்ணுக்குப் பல்லுல கிளிப் போட்டிருக்கோம். கெமிக்கல் எதுவும் வேணாம்னு மூலிகை மவுத்வாஷ்தான் வாங்கித் தர்றோம். நல்லதுதானே?"

கிளினிக்கில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. காய்ச்சலுக்கு வந்தவர்கள், சளிக்கு வந்தவர்கள் எல்லாம் கிளம்பும்போது வாசல்ல நின்னு கேட்கிற கேள்வி.

சுருக்கமான பதில்: தரலாம். தப்பில்லை. ஆனா பிரஷ்ஷுக்குப் பதிலாகவும் ஃப்ளோரைடு பேஸ்ட்டுக்குப் பதிலாகவும் அதைத் தரக்கூடாது.

நீளமான பதில் இந்த இழையில். வீட்டில் கிளிப் போட்ட பிள்ளை இருந்தா கொஞ்சம் பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. பிள்ளையையும் பக்கத்துல உட்கார வெச்சுப் படிச்சா இன்னும் நல்லது.

2)
நான் பல் டாக்டர் இல்லை. பொது மருத்துவர். பிறகு எதுக்கு இதைப் பற்றி எழுதறேன்?

ரெண்டு காரணம். கிளிப் போட்ட பல் டாக்டரை மாசத்துக்கு ஒருமுறைதான் பார்ப்போம். நடுவுல ஈறுல ரத்தம் வந்தா, வாய்ப்புண் வந்தா, வாய் நாறினா முதல்ல என்னை மாதிரி தெரு முனை டாக்டரிடம்தான் வருவாங்க.

இன்னொரு காரணம், நான் இருப்பது தர்மபுரி. பல் கறை என்றால் எங்க ஊர்க்காரங்களுக்கு உடனே நினைவுக்கு வருவது ஃப்ளோரைடு. நானும் போர்வெல் தண்ணி குடிச்சு வளர்ந்தவன்தான். என் முன்பல்லுல இருக்கிற பழுப்புக் கோடு இன்னும் அப்படியே இருக்கு. காலேஜ்ல சேர்ந்த புதுசுல "பல்லே விளக்க மாட்டியாடா" என்று கேட்டவங்க உண்டு. அதனால ஃப்ளோரைடு என்ற பேரைக் கேட்டாலே எங்க மக்கள் பயப்படுவதன் நியாயம் எனக்குப் புரியும்.

அந்தப் பயமும் மூலிகை மவுத்வாஷும் கிளிப்பும் சேர்ந்தா என்ன ஆகுது என்பதை ஒரு பிள்ளையின் வாயில் பார்த்தேன். அதைச் சொல்றேன்.

3)
ஒன்பதாவது படிக்கிற பொண்ணு. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கேன். தொண்டை வலின்னு அம்மா கூட்டிட்டு வந்தாங்க. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடிச்சா, தொண்டையைவிட முதல்ல கண்ணுல பட்டது ஈறுதான். செக்கச்செவேன்னு வீங்கி, சில பல்லுல பிராக்கெட்டை பாதி மூடியிருந்தது. பிராக்கெட்டைச் சுத்தி ஒவ்வொரு பல்லிலும் சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளை வளையம்.

அந்த அம்மா சொன்னது: "கிளிப் போட்டு 11 மாசம் ஆச்சு சார். நாலு மாசம் முன்னாடி வெள்ளை வெள்ளையா தெரிய ஆரம்பிச்சுது. ஃப்ளோரைடு கறைதான் திரும்ப வருதுன்னு பேஸ்ட்டை நிறுத்திட்டேன். ஃப்ளோரைடு இல்லாத மூலிகைப் பல்பொடியும் மூலிகை மவுத்வாஷும் வாங்கினேன். பிரஷ் பட்டா ரத்தம் வருதுன்னு அழறா. அதனால பிரஷ்ஷும் ரொம்ப வைக்கிறதில்லை. தினம் மூணு வேளை கொப்பளிக்கிறா. ஆனாலும் கறை ஜாஸ்திதான் ஆகுது."

பொண்ணு கிட்ட கேட்டேன். "ஆமா சார், ஒரு நாள்கூட விட்டதில்லை. ஸ்கூலுக்குக்கூட சின்ன பாட்டில்ல எடுத்துட்டுப் போறேன்."

இவ்வளவு ஒழுங்கா ஒரு மருந்தைப் பயன்படுத்தற நோயாளியை நான் அதிகம் பார்த்ததில்லை. கிளிப்புக்கான பணத்தை மாசத் தவணையா கட்டிட்டிருக்காங்க. பொண்ணு மேல அக்கறை இல்லாம நடந்த விஷயமே இல்லை இது. அக்கறையோடதான் நடந்தது.

பல் டாக்டர் அடுத்த விசிட்ல, "இப்படியே போனா கிளிப்பைப் பாதியிலேயே கழற்ற வேண்டி வரும்" என்று சொல்லியிருக்கிறார். ஏன் அப்படிச் சொன்னார் என்பது அவங்களுக்குப் புரியலை.

4)
முதல்ல அந்த வெள்ளை என்ன என்று பார்ப்போம். எங்க மாவட்டத்துப் பெற்றோர்கள் இதைக் கட்டாயம் தெரிஞ்சுக்கணும்.

ஃப்ளோரோசிஸ் கறை பல் முளைக்கும்போதே கூட வரும். தாடைக்குள்ள பல் உருவாகிற வயசில், அதாவது பிறந்ததிலிருந்து சுமார் 8 வயசுக்குள்ள, ஃப்ளோரைடு அதிகம் உள்ள தண்ணியைக் குடிச்சா எனாமல் சரியா உருவாகாது. அதுதான் கறையா தெரியும். இடது பக்கம் இருந்தா வலது பக்கமும் அதே பல்லுல இருக்கும். குறுக்குக் கோடுகளா, மேகம் மாதிரி பரவி இருக்கும். ஓரம் எங்கே முடியுதுன்னு சொல்ல முடியாது.

கிளிப் போட்ட பிறகு வரும் வெள்ளை அப்படி இல்லை. பிராக்கெட்டைச் சுற்றியும், பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவிலும் இருக்கும். சாக்பீஸ் மாதிரி பளபளப்பு இல்லாம இருக்கும். முளைச்சப்போ இல்லாதது இப்போ புதுசா வந்திருக்கும்.

14 வயசுப் பிள்ளைக்கு, ஏற்கெனவே முளைச்சு வெளியே நிற்கிற பல்லுல, புதுசா ஃப்ளோரோசிஸ் வரவே முடியாது. அந்தப் பல் உருவாகி முடிஞ்சாச்சு. ஆக, கிளிப் காலத்தில் புதுசா தோன்றும் வெள்ளை, சொத்தையின் முதல் படி. எனாமலில் இருந்து சுண்ணாம்புச் சத்து கரைஞ்சு போன இடம் அது.

அதாவது அந்த அம்மா எந்தப் பொருளைச் சந்தேகப்பட்டு நிறுத்தினாங்களோ, அந்த நோய்க்கு அதுதான் மருந்து.

5)
இது எப்படி நடக்குது?

நாம சாப்பிடற சர்க்கரை, மாவுச்சத்து எல்லாத்தையும் பல் மேல ஒட்டியிருக்கிற கிருமிகளும் சாப்பிடுது. சாப்பிட்டு அமிலத்தை வெளியே விடுது. வாயின் பிஹெச் அளவு சுமார் 5.5க்குக் கீழே போனா எனாமல் கரைய ஆரம்பிக்கும். எச்சில் மெல்ல மெல்ல அந்த அமிலத்தை நீர்க்க வைத்து, கரைஞ்ச கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திரும்பப் பல்லுல சேர்க்கும். கரையறதும் சேர்றதும் நாள் முழுக்க நடந்துட்டே இருக்கும். கரையறது ஜாஸ்தியா போனா வெள்ளை. அது தொடர்ந்தா குழி.

கிளிப் போட்ட வாயில் ஒவ்வொரு பல்லிலும் ஒரு பிராக்கெட், அதுல ஒரு ரப்பர் வளையம், நடுவுல கம்பி. அத்தனையும் சாப்பாடு சிக்கற இடம். எச்சிலும் நாக்கும் உதடும் வழக்கமா சுத்தம் பண்ற இடத்தைக் கம்பி மறைச்சிடுது. அதனால கிளிப் போட்ட ஒரே மாசத்துல கூட வெள்ளை தெரிய ஆரம்பிக்கலாம். அபூர்வமான விஷயம் இல்லை இது. கிளிப் சிகிச்சையில் மிக சகஜமா வர்ற பக்கவிளைவு.

6)
சரி, மவுத்வாஷ் அந்தக் கிருமியைக் கொல்லாதா?

தனியா மிதந்துட்டிருக்கிற கிருமியை நல்லாவே கொல்லும். பிரச்சினை, பல்லுல இருக்கிற கிருமி தனியா மிதக்கறதில்லை. கூட்டமா சேர்ந்து, தன்னைச் சுத்தி பசை மாதிரி ஒரு பொருளைச் சுரந்து, அதுக்குள்ள குடியிருக்கு. இதைத்தான் பல் டாக்டர்கள் பிளேக் என்கிறார்கள். நகத்தால சுரண்டினா வெள்ளையா மாவு மாதிரி வருமே, அதுதான்.

கோயில் குளத்துப் படியில் பாசி பிடிச்சிருக்குன்னு வெச்சுக்குங்க. அதுமேல எவ்வளவு நல்ல தண்ணியை ஊத்தினாலும் பாசி போகுமா? தேய்க்கணும். தேய்ச்ச பிறகு ஊத்தற தண்ணிக்கு வேலை இருக்கு. மவுத்வாஷும் அப்படித்தான். மூலிகையா இருந்தாலும் சரி, கெமிக்கலா இருந்தாலும் சரி, தடியா படிஞ்ச பிளேக்கை அது கழுவாது.

7)
1965இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்தில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளர் ஒரு எளிமையான சோதனை செய்தார். ஈறு ஆரோக்கியமா இருந்த 12 பேரைப் பல் விளக்குவதையே நிறுத்தச் சொன்னார். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீக்கம் வந்தது. மறுபடி விளக்கச் சொன்னார். ஒரு வாரம், பத்து நாளில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது.

இதுல எனக்குப் பிடிச்சது இரண்டாவது பாதி. ஈறு வீக்கம் பிளேக்கால வருது, பிளேக்கை எடுத்தா போயிடுது. ரத்தம் வருதுன்னு பிரஷ் பண்றதை நிறுத்தினா ரத்தம் அதிகமாகும். மெதுவா, மென்மையான பிரஷ்ஷால, அந்த இடத்தையே தொடர்ந்து சுத்தம் பண்ணினா ஓரிரு வாரத்துல ரத்தம் நிற்கும். அப்படியும் நிற்கலைன்னா வந்து காட்டுங்க. வேற காரணம் இருக்கான்னு ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்போம்.

8)
இப்போ மூலிகைக்கு வருவோம். "இங்கிலீஷ் டாக்டர், அதான் மூலிகையைக் குறை சொல்றார்" என்று நினைக்க வேண்டாம். மூலிகைக் கொப்பளிப்பில் சரக்கு இருக்கு.

திரிபலா, அதாவது கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூணும் சேர்ந்தது. இதை வைத்து நம்ம நாட்டிலேயே நிறைய ஆய்வுகள் நடந்திருக்கு. பிளேக்கும் ஈறு ரத்தக்கசிவும் குறைஞ்சிருக்கு. சிலதுல குளோர்ஹெக்சிடின் என்ற மருந்து மவுத்வாஷுக்குக் கிட்டத்தட்ட சமமா வேலை செய்திருக்கு. துளசி, வேம்பு, கற்றாழை, பச்சைத் தேயிலை இவற்றிலும் இதே மாதிரி நல்ல முடிவுகள் வந்திருக்கு.

கிளிப் போட்டவர்களிடமே செய்த ஆய்வும் உண்டு. பிரேசிலில் சீமைச்சாமந்தி மவுத்வாஷை 15 நாள் கொடுத்துப் பார்த்தாங்க. பிளேக்கும் ரத்தக்கசிவும் குறைஞ்சது.

இன்னொரு விஷயம். கடையில் 'கெமிக்கல்' என்று நாம ஒதுக்குற சில பிரபல மவுத்வாஷில் இருக்கும் தைமால் எது தெரியுமா? நம்ம அஞ்சறைப்பெட்டி ஓமத்தின் வாசனையே தைமால்தான். ஆக, மூலிகை ஒரு பக்கம் கெமிக்கல் ஒரு பக்கம் என்று சுவர் கட்டுறதுல அர்த்தம் இல்லை.

9)
அப்புறம் என்ன பிரச்சினை?

அந்த ஆய்வுகள் எதை அளந்தன என்று பாருங்க. பிளேக் எவ்வளவு, ஈறுல ரத்தம் வருதா, எச்சிலில் கிருமி எண்ணிக்கை எவ்வளவு. பெரும்பாலும் சில வாரங்கள்தான். பல ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களும் சில பத்துப் பேர்தான். பெரும்பாலும் வழக்கம்போல பிரஷ் பண்ணிட்டேதான் மவுத்வாஷும் பயன்படுத்தினாங்க.

உங்க பிள்ளையின் கிளிப் ஒன்றரை வருஷம், ரெண்டு வருஷம் இருக்கும். உங்களுக்கு வேண்டியது, அது கழற்றும்போது பல்லுல வெள்ளைத் தழும்பு இருக்கக்கூடாது என்பது. ஈறுக்கு நல்லது செய்ற ஒரு பொருள் எனாமலையும் காப்பாத்தும் என்று எடுத்துக்க முடியாது. ஈறு வேற, எனாமல் வேற. கரைஞ்ச சுண்ணாம்புச் சத்தைத் திரும்ப எனாமலில் சேர்ப்பதற்கு உதவுவதில் நீண்ட காலமா, நிறைய பேரிடம் நிரூபணமான பொருள் ஃப்ளோரைடு. ஃப்ளோரைடு சேர்ந்து திரும்பக் கட்டப்படுற எனாமல் அமிலத்தை முன்னைவிட அதிகம் தாங்கும்.

10)
"ஆனா எங்க ஊர்ல ஃப்ளோரைடுதானே சார் எல்லாப் பிரச்சினைக்கும் காரணம்?"

ஆமா. குடிக்கிற தண்ணியில் இருக்கிற ஃப்ளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல கிராமங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணியில் அதைவிட அதிகம். அதுக்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் திறந்தாங்க. அந்தத் திட்டத்தின் முழுப் பேரிலேயே ஃப்ளோரோசிஸ் தணிப்பு என்று இருக்கும்.

ஒரு கணக்கு போடுவோம். லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃப்ளோரைடு உள்ள தண்ணியை ஒரு நாளைக்கு 2 லிட்டர் குடிச்சா 6 மில்லிகிராம் வயித்துக்குள்ள போகுது. தினமும். வருஷக்கணக்கா. 1000 பிபிஎம் பேஸ்ட் ஒரு கிராம் எடுத்தா அதுல மொத்தமே 1 மில்லிகிராம்தான். அதையும் துப்பிடறோம்.

ஒண்ணு எலும்புக்கும் உருவாகிற பல்லுக்கும் உள்ளிருந்து போறது. இன்னொண்ணு முளைச்ச பல்லின் மேல தடவித் துப்பறது. பேர் ஒண்ணு என்பதால் ரெண்டும் ஒண்ணு ஆயிடாது. ஃப்ளோரோசிஸ் கறை இருக்கிற பல்லுக்கும் சொத்தை வரும். அதுக்கும் பாதுகாப்பு வேணும்.

கவனம் தேவைப்படறது சின்னப் பிள்ளைங்களுக்கு. 6 வயசுக்குக் கீழே துப்பத் தெரியாது, விழுங்கிடும். அவங்களுக்குப் பேஸ்ட் கொஞ்சமாத்தான், பெரியவங்க மேற்பார்வையில்தான். மவுத்வாஷ் எதுவுமே வேண்டாம். கிளிப் போடுற வயசுப் பிள்ளைக்கு அந்தக் கவலை இல்லை.

11)
ஆக, வரிசை இதுதான்:

முதல்ல பிரஷ்.
ரெண்டாவது ஃப்ளோரைடு.
மூணாவது சாப்பாட்டுப் பழக்கம்.
நாலாவது மவுத்வாஷ்.

நாலாவதை முதல் இடத்துக்குக் கொண்டு வந்தாதான் ஆபத்து. அதன் இடத்திலேயே வெச்சா மூலிகை மவுத்வாஷ் நல்ல துணை.

12)
கிளிப் போட்ட வாயை எப்படி விளக்கறது? பல் டாக்டர் சொல்லித் தந்திருப்பார். மறந்திருந்தா இதோ:

▪️ மென்மையான பிரஷ். நடுவுல பள்ளம் உள்ள கிளிப் பிரஷ் கிடைச்சா இன்னும் வசதி.
▪️ முதல்ல பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல, பிரஷ்ஷைச் சாய்ச்சு. எல்லாரும் விடுற இடம் இதுதான், வெள்ளை வர்ற இடமும் இதுதான்.
▪️ அப்புறம் பிராக்கெட்டின் மேல் பக்கத்திலிருந்து கீழே பார்த்து, கீழ்ப் பக்கத்திலிருந்து மேலே பார்த்து.
▪️ கடிக்கிற பக்கம், நாக்குப் பக்கம்.
▪️ பாட்டில் கழுவற பிரஷ் மாதிரி குட்டி பிரஷ் ஒண்ணு மெடிக்கல்ல கிடைக்கும். கம்பிக்கு அடியில, ரெண்டு பிராக்கெட்டுக்கு நடுவுல விட்டு எடுங்க.
▪️ காலை, ராத்திரி ரெண்டு வேளையும் ஃப்ளோரைடு பேஸ்ட். மதியம் ஸ்கூல்ல பிரஷ் பண்ண முடியலைன்னா வெறும் தண்ணியில் அழுத்தமா கொப்பளிச்சா போதும்.
▪️ ராத்திரி விளக்கின பிறகு நுரையைத் துப்பினா போதும். தண்ணி விட்டுக் கொப்பளிச்சா பேஸ்ட்டின் ஃப்ளோரைடும் கூடவே போயிடும்.

ரெண்டு நிமிஷத்துல முடியாது. நாலஞ்சு நிமிஷம் ஆகும். என் பையனும் கிளிப் போட்டவன்தான். "போதும்பா" என்று ரெண்டாவது நிமிஷத்துலேயே சொல்லுவான். ராத்திரி ஒரு வேளையாவது டார்ச் அடிச்சு நான் பார்ப்பேன். 15 வயசுப் பையனுக்கு அது பிடிக்காது. பரவாயில்லை.

13)
மூலிகை மவுத்வாஷ் பயன்படுத்தறவங்களுக்கு:

▪️ பல் விளக்கின உடனே வேண்டாம். மதியமோ சாயங்காலமோ சாப்பிட்ட பிறகு தனியா வெச்சுக்குங்க. பேஸ்ட்டின் வேலையைக் கெடுக்காது.
▪️ லேபிளைப் படிங்க. சர்க்கரை, தேன், வெல்லம் இருந்தா வேண்டாம். 'மூலிகை' என்று எழுதியிருந்தாலும் ஆல்கஹால் இருக்கலாம், பாருங்க.
▪️ எலுமிச்சை, வினிகர் சேர்த்தது வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே அமிலத்தில் கரையற பல்லு, அதுக்கு மேலும் அமிலம் ஊத்தற கதை.
▪️ மஞ்சள் கலந்ததால கெடுதல் இல்லை. ஆனா கிளிப்பின் வெள்ளை ரப்பர் வளையம் ஒரே நாளில் மஞ்சளாயிடும். சாம்பார் சாதத்துக்கே ஆகுதே! அடுத்த விசிட்ல வளையத்தை மாத்திடுவாங்க, பயப்பட வேண்டாம்.
▪️ கிராம்பு எண்ணெயை அப்படியே ஈறுல தடவாதீங்க. வெந்து புண்ணாகும்.

14)
வீட்டிலேயே செய்யணுமா? திரிபலா சூரணம் அரை டீஸ்பூன், ஒரு டம்ளர் தண்ணியில் கொதிக்க வெச்சு, ஆறினதும் மெல்லிய துணியில் நல்லா வடிகட்டுங்க. வடிகட்டாம கொப்பளிச்சா அந்தத் தூளே பிராக்கெட்டுக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். அன்னன்னைக்குச் செய்து அன்னன்னைக்கே தீர்த்துடுங்க. கடுக்காயின் துவர்ப்பு நாளடைவில் லேசா கறை படிய வைக்கலாம். பல் சுத்தம் பண்ணும்போது அது போயிடும்.

இதெல்லாம் முடியலைன்னா வெதுவெதுப்பான உப்புத் தண்ணி. ஒரு டம்ளருக்கு அரை டீஸ்பூன் உப்பு. கம்பி குத்தி வாய்ப்புண் வந்தா இதைவிட மலிவான ஆறுதல் கிடையாது. கூடவே பல் டாக்டர் கொடுத்த மெழுகைக் குத்தற இடத்துல ஒட்டுங்க.

ஆலங்குச்சி, வேலங்குச்சி, வேப்பங்குச்சி எல்லாம் நல்லதுதான், கிளிப் இல்லாத பல்லுக்கு. கிளிப்போட குச்சியைக் கடிச்சா பிராக்கெட் கழன்று வரும். கொரகொரப்பான பல்பொடியை விரலால தேய்ச்சா கம்பிக்கு அடியில எட்டவும் எட்டாது.

15)
குளோர்ஹெக்சிடின் பற்றியும் ஒரு வார்த்தை. ஈறு மோசமா இருக்கும்போது பல் டாக்டர் எழுதித் தருவார். நம்ம ஊர்ல பெரும்பாலும் 0.2 சதவீதம், 10 மில்லி, ஒரு நிமிஷம், தினம் ரெண்டு வேளை. நல்ல மருந்து. ஆனா மாசக்கணக்கா பயன்படுத்தினா பல்லுல பழுப்புக் கறை படியும், நாக்கு ருசி மாறும், காரையும் சேரும். அதனால சொன்ன நாள் வரைக்கும்தான். தீர்ந்ததும் நீங்களா அடுத்த பாட்டில் வாங்காதீங்க. பேஸ்ட் போட்டு விளக்கினதும் உடனே பயன்படுத்தினா பேஸ்ட்டில் உள்ள நுரைப் பொருள் இதன் வேலையைக் குறைக்கும். அரை மணி நேரம் இடைவெளி விடுங்க.

வெள்ளை வர ஆரம்பிச்ச பிள்ளைக்கு, தினசரி ஃப்ளோரைடு மவுத்வாஷ் தேவையா என்று பல் டாக்டரிடம் கேளுங்க. 0.05 சதவீதம் சோடியம் ஃப்ளோரைடு உள்ளது இருக்கு. கிளினிக்கிலேயே ஃப்ளோரைடு வார்னிஷ் பூசறதும் உண்டு.

16)
சாப்பாடு. முறுக்கு, சீடை, கரும்பு, ஐஸ் கட்டி எல்லாம் பிராக்கெட்டை உடைக்கும். கடலை மிட்டாய், கமர்கட், சாக்லேட் ஒட்டிக்கும். கொய்யாவையும் ஆப்பிளையும் நறுக்கிச் சாப்பிடலாம்.

இதைவிட முக்கியம், எத்தனை தடவை என்பது. ஒவ்வொரு தடவை இனிப்பு உள்ளே போகும்போதும் அமிலம் ஏறி, இறங்க அரை மணி நேரத்துக்கு மேல ஆகும். ஒரு மைசூர்பாகை சாப்பாட்டோட சாப்பிட்டு வாயைக் கழுவற பிள்ளைக்கு ஆபத்து குறைவு. ஒரு பாட்டில் கூல்டிரிங்க்ஸை டியூஷன் முடியற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சற பிள்ளைக்கு ஆபத்து அதிகம்.

17)
பொது மருத்துவரா நான் சேர்க்க வேண்டிய சில விஷயங்கள். கிளிப் போடுறதுக்கு முன்னாடியே பல் டாக்டரிடம் இதையெல்லாம் சொல்லிடுங்க:

▪️ வலிப்பு நோய்க்கு ஃபெனிடாயின் மாத்திரை சாப்பிடற பிள்ளை. அந்த மருந்தே ஈறை வளர வைக்கும். அதுக்காக மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. நரம்பியல் டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு பண்ணட்டும்.
▪️ பிறவி இதயக் கோளாறு, வால்வு ஆபரேஷன் ஆன பிள்ளை. வாய்க் கிருமி ரத்தத்துல கலந்தா இதயத்தைப் பாதிக்கலாம். இதய டாக்டரின் கருத்து தேவை.
▪️ சர்க்கரை நோய். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லைன்னா ஈறு ஆறாது.
▪️ ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கிற பிள்ளை. ஒவ்வொரு தடவையும் எடுத்த பிறகு வாயைக் கொப்பளிச்சுத் துப்பணும். வெறும் தண்ணி போதும்.

18)
அந்தப் பொண்ணு என்ன ஆனாள் என்று கேட்பீங்க.

அன்னைக்கே அவங்க பல் டாக்டருக்கு போன் பண்ணிப் பேசினேன். அவர் ஒரு மாசம் கம்பியைக் கழற்றிட்டு, பல்லைச் சுத்தம் பண்ணி, ஃப்ளோரைடு வார்னிஷ் பூசி, எப்படி விளக்கணும் என்று கண்ணாடி முன்னாடி நிற்க வெச்சுச் சொல்லித் தந்திருக்கிறார். மூலிகை மவுத்வாஷை நிறுத்தச் சொல்லலை. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வெச்சுக்கச் சொன்னார்.

மூணு வாரத்துல ரத்தம் நின்னுடுச்சு. ரெண்டு மாசத்துல ஈறு இறங்கி பிராக்கெட் முழுசா தெரிஞ்சது. சிகிச்சை மறுபடி ஆரம்பிச்சிருக்கு.

வெள்ளை? அது முழுசா போகலை. புதுசா வரலை, அவ்வளவுதான். கிளிப் கழற்றின பிறகு எச்சிலும் ஃப்ளோரைடும் சேர்ந்து சில மாசங்களில் கொஞ்சம் மங்க வைக்கும். ஆழமா போனது தழும்பாவே நிற்கும். அதுக்கு ரெசின் ஊற வைக்கும் சிகிச்சை மாதிரி வழிகள் உண்டு, ஆனா அது தனிச் செலவு.

"நான்தான் கெடுத்துட்டேனா சார்?" என்று அந்த அம்மா கேட்டாங்க. இல்லம்மா. கறைப் பல்லோட வளர்ந்த ஊர்ல, பிள்ளைக்கு அது வரக்கூடாதுன்னு நினைச்சீங்க. பாட்டில் மேல 'ஃப்ளோரைடு இல்லை' என்று பெருசா அச்சடிச்சிருந்தது. அது யாருக்கு, எந்த வயசுக்கு நல்லது என்று அதே பாட்டில்ல எங்கேயும் எழுதலை. இதைத்தான் அவங்களிடம் சொன்னேன்.

அவங்க சொன்னாங்க, "இதை நாலு பேருக்குச் சொல்லுங்க சார்." அதனாலதான் இந்த இழை.

19)
இன்னைக்கு ராத்திரி செய்ய வேண்டியது:

பிள்ளை பல் விளக்கின பிறகு, வெளிச்சத்துல நிற்க வெச்சு, உதட்டை விரலால தூக்கிப் பாருங்க. பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல மாவு மாதிரி படலம் இருக்கா? ஈறு சிவந்து, தொட்டா ரத்தம் வருதா? துணியால துடைச்சு உலர்ந்ததும் சுண்ணாம்பு வெள்ளை தெரியுதா?

படலம் மட்டும் இருந்தா மறுபடி விளக்கச் சொல்லுங்க. ரத்தம் வந்தா ரெண்டு வாரம் ஒழுங்கா விளக்கிப் பாருங்க. வெள்ளை தெரிஞ்சா அடுத்த மாச விசிட் வரைக்கும் காத்திருக்காதீங்க. போன் பண்ணி முன்னாடியே போய்க் காட்டுங்க. ஆரம்பத்துல பிடிச்சா நிறுத்தக்கூடிய விஷயம் இது.

மவுத்வாஷ் பாட்டில் அலமாரியிலேயே இருக்கட்டும். பிரஷ்ஷும் பேஸ்ட்டும் அதுக்கு முன்னாடி இருந்தா போதும்.

கிளிப் போட்ட பிள்ளை உள்ள வீடுகளுக்கு இதை அனுப்புங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன். பல்லைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைப் பல் டாக்டரிடம்தான் கேட்கணும்.